டம்ளரின் காது

அந்த ஸ்டீல் டம்ளருக்குத் தன் காதில் அபார நம்பிக்கை.

நெல்சன் பழைய பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கிவந்து, வீட்டிலேயே சரிசெய்ய உட்கார்ந்தான். காபி குடித்த டபராவையும் டம்ளரையும், கிட்டாரை இணைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டிமேல் வைத்துவிட்டு, தடித்த கம்பியை மீட்டினான். கிர்ரென்று ஓர் இரைச்சல்.

"உன் கழுத்து கோணல், தம்பி" என்றது டம்ளர் கிட்டாரிடம், டபராவுக்குள் நடுங்கியபடியே.

நெல்சன் கிட்டாரின் கழுத்தை நிமிர்த்தினான்; கம்பிகளையும் மாற்றினான். மீட்டினால் அதே கிர்ர்.

"நான் என்னண்ணே செய்வேன்?" என்று குறுகிப்போனது கிட்டார்.

"பிறவிக் கோளாறு. உனக்கெல்லாம் எதுக்குப் பாட்டு?"

நெல்சன் அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, புத்தம்புது கிட்டார் வாங்கிவந்தான். காபியைக் குடித்து, டபரா டம்ளரைப் பெட்டிமேல் வைத்து, ஆசையாக மீட்டினான். கிர்ர்ர்.

நடுக்கம் அடங்கியதும் டம்ளர் பெருமூச்சு விட்டது. "இப்பல்லாம் புதுசும் இந்த லட்சணத்துலதான் வருது."