தூக்கிக்கொண்டு வந்தவள்

மட்டை அடிக்கும் மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் அவர்கள் பேசத் தொடங்கினார்கள்.

ஆணும் பெண்ணுமாக இரண்டு பேர். தஞ்சாவூரில் தனியார் துப்பறியும் நிறுவனம் என்றார்கள். ஒரு குழந்தையைக் காணவில்லை, பேராவூரணிப் பக்கம் இருப்பதாகத் தகவல்.

தேங்காய் நார் மில்லில் தூளுக்குப் பயந்து எல்லோரும் முகத்தைத் துணியால் சுற்றியிருப்போம். கண் மட்டும் தெரியும். நான், கழுவிய தூளில் உப்பு மிச்சமிருக்கிறதா என்று மீட்டரில் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே வேதியியல் படித்தவள் நான் ஒருத்திதான். வாய் திறந்து பேசாதவளும் நான் ஒருத்திதான்.

அந்த ஆள் என் மேசையருகே நின்று செல்போனை நீட்டினார். ஆறு வயதுப் பெண். இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், மோவாயில் தையல் போட்ட தழும்பு.

பெண்கள் கூடிவிட்டார்கள். நீலாம்பாள் அக்கா செல்போனை வாங்கி, முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவன் விளங்குவானா என்றாள்.

தூக்கிப்போனது ஒரு பெண் என்று அந்த ஆள் அடுத்த படத்தைத் தள்ளினார்.

பட்டமளிப்பு விழாவின் கறுப்பு அங்கியில் ஒருத்தி.

அக்கா படத்தைப் பார்த்தாள். என் கண்களைப் பார்த்தாள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

தினமும் தன் தூக்குச்சட்டியிலிருந்து எனக்குக் குழம்பு ஊற்றுகிறவள், ஓரடி தள்ளி நின்று கேட்டாள்.

“ஏம்மா, அந்தப் புள்ளைய எங்க வச்சிருக்க? சொல்லிடும்மா.”

போலீஸெல்லாம் வேண்டாம், குழந்தையின் அப்பா வெளியே காரில்தான் இருக்கிறார், வந்து அவரிடம் பேசினால் போதும் என்றார் அந்த ஆள். குரலில் அவ்வளவு கனிவு.

தென்னைகளுக்குக் கீழே வெள்ளைக் கார். கண்ணாடி ஏற்றியிருந்தது.

எனக்குத் தெரிந்த கார். நான் வளவனைக் கல்யாணம் செய்துகொண்ட அன்று, எங்கே பார்த்தாலும் இரண்டு பேரையும் வெட்டுவேன் என்று சொல்லியனுப்பியவருடைய கார்.

ஓடிப்போன பெண்ணைத் தேடி வந்திருந்தால் இந்த மில்லில் ஒருத்தியும் வாய் திறந்திருக்க மாட்டாள். குழந்தை என்றால் ஊரே சேர்ந்து தேடும். தெரிந்துதான் வந்திருக்கிறார்கள்.

முகத்துணியை அவிழ்த்தேன்.

அக்காவின் கையிலிருந்த செல்போனில் முதல் படத்துக்குத் திரும்பத் தள்ளி, அதை என் மோவாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன்.

அதே தழும்பு.

இரண்டு படமும் என் அப்பா வீட்டுக் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தவை.

“ஆமா, நான்தான் தூக்கிட்டு வந்தேன். திருப்பித் தர மாட்டேன்னு அவ அப்பாகிட்ட போய்ச் சொல்லுங்க.”

மில்லில் என் குரலை அன்றுதான் கேட்டார்கள்.

நீலாம்பாள் அக்கா செல்போனை அந்த ஆளின் சட்டைப்பையில் செருகினாள். மிஷினைப் போடச் சொன்னாள்.

வாசலில் தூள் எழுந்தது. கார் தெரியவில்லை.