இருதயராஜுக்குப் பசியில்லை

அணு ஏவுகணைகளைச் சோதிக்கும் இருதயராஜின் அன்றைய நினைவை, வேலை முடிந்ததும் தளத்தின் வாசலிலேயே அழித்துவிடுவார்கள். அரசாங்க ரகசியம். வீட்டுக்கு வரும்போது அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் சோதனை தோற்றிருந்தால் வயிற்றுக்குத் தெரிந்துவிடும். இந்த வாரம் முழுக்க அவர் மீன்குழம்பைத் தொடவில்லை. அதைக் கேள்விப்பட்டதும், எதிரி தாக்குவான் என்று பயந்து குடியிருப்பே ஊரைக் காலிசெய்யத் தொடங்கியது.

அதிகாரி விசாரிக்க வந்தார். "உங்க வீட்டுக்காரர் என்னம்மா சொன்னாரு?"

"அவருக்கு ஒண்ணும் தெரியாதே சார். சாப்பிடல, அவ்வளவுதான்," என்றாள் மனைவி ஜசிந்தா.

"நம்ம ஏவுகணை எல்லாமே கச்சிதமா இருக்கும்மா. எதிரி கிட்ட நெருங்கமாட்டான். தைரியமா இருங்க."

அதிகாரிகளின் நினைவை யாரும் அழிப்பதில்லை. ஜசிந்தா தட்டில் சோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள்.

"அப்போ ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க சார்."

அவர் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

ஜசிந்தா பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள்.