கண்ணாடி இழை கண்ட வெடி

"இன்னிக்கு வெடி சரியா வரலன்னா என் கத முடிஞ்சுதுண்ணே!" என்றாள் ரஞ்சனி. காலையிலிருந்து இதை அவள் சொல்வது ஏழாவது தடவை.

பயப்பட வேண்டாம், அவள் யாரையும் தீர்த்துக்கட்டப் போகவில்லை. ஒரகடத்தில் காருக்குக் காற்றுப்பை செய்யும் தொழிற்சாலையில் ரஞ்சனி சோதனைப் பொறியாளர். கார் மோதினால் கண்ணிமைக்கும் முன்னே பையை ஊதவைக்கும் வெடிக்குப்பியை, இரும்புத் தொட்டிக்குள் வைத்து வெடித்துப் பார்ப்பது அவள் வேலை.

அந்த ஒரு கணத்தில் அழுத்தம் எப்படி எகிறி இறங்குகிறது என்று அளக்க, தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை சென்சார். இரண்டு வருஷமாக அதோடுதான் மல்லுக்கட்டினாள். நான்கு முறை வெடித்தும் திரையில் கோடு அசையவே இல்லை. நேற்றுதான் இழையின் முனையை மாற்றியிருந்தாள். இன்றும் அசையாவிட்டால் சென்சாரை மூட்டை கட்டிவிட்டு, ரஞ்சனியை ஃபைல் அடுக்க அனுப்பிவிடுவார்கள்.

"தேங்காயெல்லாம் வேணாண்ணே. கஸ்டமர் வராரு. ரூம்புல தண்ணி சிந்திக்கினு கெடந்தா இன்னா நெனைப்பாரு?" என்றாள் ரஞ்சனி.

பட்டன் அமுக்கும் ஆபரேட்டர் முப்பிடாதிக்கு முகம் தொங்கிப்போனது. தென்காசிப் பக்கத்து ஆள். தேங்காய் உடைக்காமல் எட்டு வருஷத்தில் ஒரு வேலையையும் அவர் தொட்டதில்லை.

"என்ன மேடம் இப்படிச் சொல்லுதீய?" என்று முனகிக்கொண்டே வெடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பத்து மணிக்குக் கஸ்டமர் புருஷோத்தமன் வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். சிரித்தால் வரி போடுவார்கள் என்பதுபோல ஒரு முகம்.

ரஞ்சனி குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு மைக்கை எடுத்தாள். "ஆரம்பிங்கண்ணே!"

ஒரு நொடி. இரண்டு நொடி. சுவருக்கு அந்தப் பக்கம் 'டமார்!'

திரையில் கோடு விருட்டென்று எழுந்தது. கம்ப்யூட்டர் தானாகவே அளவைச் சரிசெய்து திரை முழுக்கக் காட்ட, அழகான மலை ஒன்று ஏறி இறங்கியது.

"வந்துடுச்சு! சார், வந்துடுச்சு!" ரஞ்சனி குதித்த குதியில் ஹெல்மெட் கழன்று மேஜைக்கடியில் உருண்டது. பக்கத்திலிருந்த சக பொறியாளர் கலைமணியின் கைகளைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றினாள்.

"சத்தம் கொஞ்சம் கம்மியா இருந்துச்சே?" என்றார் புருஷோத்தமன்.

"கதவு புதுசு சார்! செம தடிமன்!"

அவர் திரையையே பார்த்தார். பிறகு அந்த அதிசயம் நடந்தது. முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். "இவ்ளோ சுத்தமான கோட்ட நான் பார்த்ததே இல்லம்மா!" என்று ஒப்புதல் காகிதத்தை இழுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

ரஞ்சனிக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைப்பாக்கத்து வீட்டுக்கு போன் போட்டு, "அம்மா, வெடிச்சிடுச்சும்மா!" என்று கத்தினாள்.

"ஐயையோ! இன்னாடி, சிலிண்டரா?" என்று அந்தப் பக்கம் அம்மா அலறினாள்.

கேன்டீனிலிருந்து ஜாங்கிரி வந்தது. புருஷோத்தமனே ஒன்றை எடுத்து ரஞ்சனிக்கு நீட்டினார். அவள் வாயில் போடும் நேரத்தில் வெடி அறைக் கதவு மெல்லத் திறந்தது.

முப்பிடாதி எட்டிப் பார்த்தார். சட்டையெல்லாம் ஈரம்.

"கோவிச்சுக்காதீய மேடம், மனசு கேக்கல. தொட்டி மேலயே தேங்காய ஒடச்சிட்டேன்" என்று தலையைச் சொறிந்தார். பிறகு உற்சாகமாகக் கேட்டார்:

"இப்ப பட்டன அமுக்கட்டுமா?"