சோலைமலையின் சடை

விடிந்ததும் புருஷனின் தலையில் சுற்றியிருந்த துணியை அவிழ்க்கலாம் என்று கிட்டே போனாள் சண்முகவடிவு. சோலைமலை விழித்துக் கிடந்தான். நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

மற்ற நாளெல்லாம் அவன் தூங்கும்போதே அந்த வேலையை முடித்துவிடுவாள்.

இன்று பார்த்து மாசிப் பௌர்ணமி. ராத்திரி தோட்டத்து லய வீடுகளின் முற்றத்தில் காமன் கூத்து. அதில் சோலைமலைதான் ரதி.

றொசல்லைப் பக்கம் ரதி வேஷம் கட்டுகிற ஆண்களெல்லாம் இரவல் டோப்பாவில்தான் ஆடுவார்கள். இவனுக்கோ இடுப்பைத் தொடும் சொந்த முடி. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போகும்போது முண்டாசுக்குள் சுருட்டிக்கொள்வான். கூடைக் கயிறு உரசியே உச்சி வெளுத்துப்போன கொழுந்துக்காரிகளுக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும்.

"வடிவு, ஒரு நாளைக்கு ஒம்புருஷன் சடைய எரவல் குடேன்டி!"

கார்த்திகையில் வந்த நெருப்புக் காய்ச்சல் ஆளை விட்டது. தையில் முடியைப் பிடித்துக்கொண்டது. கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. கூத்து வாத்தியார் இராமையா வேறு ரதி தேடுகிறார் என்று பேச்சு அடிபட்டது.

படுத்த படுக்கையாகக் கிடந்தவன் கஞ்சி குடித்ததே இந்த வேஷத்தை நினைத்துத்தான். அதுவும் கைவிட்டுப் போனால் ஆள் தேறமாட்டான் என்று அவள் பயந்தாள்.

பொழுது சாய்ந்ததும் விரலாலேயே சிக்கெடுப்பாள். எண்ணெயைத் தொட்டும் தொடாமலும் தடவித் தளரப் பின்னுவாள். இறுக்கினால் வேர் இளகும். சாக்குத் தலையணையில் உரசினால் இழை அறும். அதற்காகக் கலியாணத்துக்கு எடுத்த ஒரே பட்டுச்சேலையைக் கிழித்துத் தலையில் சுற்றிவிட்டாள். லயமே ஏசியது. ஏசட்டும்.

விடிந்ததும் துணியில் கிடப்பதைப் பொறுக்கி ஒளித்துவிட்டு, ஒன்றுகூட உதிரவில்லை என்று கூசாமல் சொல்வாள். பொறுக்கியதைச் சவுரியாகக் கட்டி, சாயங்காலம் அவன் சடைக்குள்ளேயே வைத்துப் பின்னிவிடுவாள். அவன் கையில் பிடித்துப் பார்ப்பான். பழைய கனம் இருக்கும். சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கு எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றிருக்கும் அவளுக்கு.

ஒன்றைத்தான் மறந்துபோனாள்; விழித்துக் கிடந்தவனைப் பார்த்த இப்போதுதான் அது உறைத்தது. காமன் எரிந்ததும் ரதி தலையை விரித்துப் போட்டு மண்ணில் புரண்டு அழ வேண்டும். தோட்டமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, தளரப் பின்னிய சவுரி கழன்று புழுதியில் கிடக்கும். அந்த அவமானத்துக்குப் பிறகு அவன் தலைநிமிர மாட்டான்.

இனி மூடி மறைக்க வழியில்லை. சொல்லிவிட வாயைத் திறந்தாள். அழுகைதான் முந்திக்கொண்டது.

சோலைமலை எழுந்து உட்கார்ந்தான். தானே துணியை அவிழ்த்தான். உதிர்ந்து கிடந்த இழைகளை ஒன்றுவிடாமல் சேர்த்து அவள் உள்ளங்கையில் வைத்தான். பிறகு அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

"இதையும் சேத்து, இன்னைக்கு மட்டும் இறுக்கிக் கட்டு புள்ள. சவுரி கழண்டு விழுதான்னு இப்பவே தலைய ஆட்டிப் பாத்துருவோம்."

எப்போதிலிருந்து தெரியும் என்று அவள் கேட்கவில்லை. இத்தனை நாளும் தொடவே பயந்த முடியைக் கொத்தாகப் பிடித்து, அவன் வலியில் முனகும்வரை இறுக்கினாள்.