இரட்டை வட்டம்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம்தான் பாக்யலட்சுமிக்கு. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆபீசர் அறையில் நின்று நாலு வார்த்தை கோர்வையாகப் பேசிப் பழக்கமே இல்லை.

"என்னம்மா யோசனை? மெர்சி காப்பி அடிச்சான்னு ஒரு வரி எழுதி, கீழ கையெழுத்துப் போடு" என்றார் ஹெச்.ஆர். லோகநாதன்.

ஆம்பூரை ஒட்டிய ஷூ கம்பெனி அது. தையல் லைனுக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டும் என்று மெர்சிக்கும் தேவிகாவுக்கும் பரீட்சை வைத்தார்கள். ஐம்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நாலு வட்டம். சரியான வட்டத்தைப் பேனாவால் நிரப்ப வேண்டும்.

திருத்த மெஷின் கிடையாது. ஷூவில் நாடா கோர்க்க ஓட்டை போடும் பஞ்ச் கருவியை வைத்தே ஓர் அட்டையில் ஐம்பது ஓட்டை போட்டிருந்தார்கள். அட்டையைத் தாளின்மேல் வைக்கும்போது ஓட்டையில் கறுப்புத் தெரிந்தால் ஒரு மார்க்.

ஒரே கேள்விக்கு இரண்டு வட்டம் நிரப்பியிருந்தால் மட்டும் அட்டைக்குத் தெரியாது. தூக்கிவிட்டுக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பதிலை மாற்றி இரட்டை வட்டம் போட்டால் அந்தக் கேள்விக்கு மார்க் இல்லை.

பதினேழு வருஷமாகக் கடைசி செக்கிங்கில் மயிரிழைக் கீறலைக்கூட விடாதவள் என்பதால், அந்த வேலைக்குப் பாக்யலட்சுமியைக் கூப்பிட்டிருந்தார்கள்.

தேவிகாவுக்கு முப்பத்தாறு மார்க். மெர்சிக்கு முப்பத்தஞ்சு. மெர்சியின் தாளில் பத்து இரட்டை வட்டம்.

"நானே பாத்தேன்மா. கடைசி நேரத்துல தேவிகா பேப்பரையே எட்டி எட்டிப் பாத்தா. அந்தப் பொண்ணு பாவம், மெஷின் ஊசி ஏறி விரல்ல கட்டோட எழுதுது. அதுகிட்டப் போய்த் திருடிருக்கா!" என்றார் லோகநாதன்.

மெர்சியை உள்ளே கூப்பிட்டார்.

"பாத்தியா, இல்லையா?"

"பாத்தேன் சார்."

"கேட்டுக்கோம்மா! ரெண்டு வட்டம் போட்டா மார்க் இல்லைன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும் சார்."

பாக்யலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டி, ஒரு வாரமா கம்பெனி பஸ்ல அந்த ரூலை எல்லாருக்கும் ஒப்பிச்சவளே நீதானே? இன்னா பேஜாருடி இது?"

"விடுங்கக்கா. சார் சொல்றதையே எழுதிடுங்க."

"எழுதினா வேலை போய்டும்டி!"

மெர்சி கதவுப் பக்கம் திரும்பினாள். "போனா இன்னொரு கம்பெனி. தேவிகா காதுக்கு மட்டும் இது போவ வேணாம்க்கா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

"பாத்தியா, வெக்கத்தை! எந்தெந்தக் கேள்வின்னு நம்பரையும் சேத்து எழுது" என்றார் லோகநாதன்.

பாக்யலட்சுமி மெர்சியின் தாளை எடுத்தாள். நாற்பத்தொன்றில் தொடங்கி ஐம்பது வரை. எங்கிருந்து காப்பி அடித்தாள் என்று காட்ட வேண்டுமே, தேவிகாவின் தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

பேனா கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"சார்..."

"என்ன?"

"நான் சொன்னா தப்பாச் சொல்லிடுவேன் சார். நீங்களே பாருங்க."

இரண்டு தாளையும் அவர் பக்கம் தள்ளினாள். மெர்சியின் தாளில் பத்துக் கேள்விக்கும் ஒரு வட்டம் நிதானமாக, விளிம்பு தாண்டாமல் நிரம்பியிருந்தது. அட்டையை வைத்தாள். பத்தும் சரியான விடை. இன்னொரு வட்டம் பிறகு அவசரமாகக் கிறுக்கியது.

தேவிகாவின் தாளில் அதே பத்துக் கேள்வியும் காலி. திருத்தும்போது பாக்யலட்சுமி அதைக் கவனிக்கவே இல்லை. காலி வட்டத்தில் திருத்த என்ன இருக்கிறது?

"வெறும் வட்டத்தைப் பாத்து இன்னா சார் காப்பி அடிப்பா?"

லோகநாதன் தேவிகாவின் தாளை இழுத்துப் பார்த்தார்.

"கட்டுப் போட்ட விரலால வட்டம் நிரப்ப நேரம் ஆவுது, தேவிகாவுக்குப் பத்து நிமிஷம் ஜாஸ்தி குடுங்கன்னு மெர்சிதான் சார் பரீட்சையில எழுந்து கேட்டான்னு லைனே பேசுது. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்னு நீங்க உக்கார வெச்சிட்டீங்க."

சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் கண் அந்தத் தாளை விட்டு வரவில்லை.

மெர்சி நாற்பத்தஞ்சு மார்க் வாங்கியிருக்க வேண்டியவள். வேலையைத் தூக்கி அப்படியே தேவிகா கையில் கொடுக்கவும் இல்லை. அவளால் எழுத முடியாத பத்தைத் தானும் இல்லாமல் ஆக்கிக்கொண்டு, மிச்ச நாற்பதில் நேருக்கு நேர் நின்று, ஒரே ஒரு மார்க்கில் தோற்றிருக்கிறாள். இப்படிக்கூட ஒருத்தி கணக்குப் போடுவாளா?

லோகநாதன் தொண்டையைச் செருமினார். "சரிம்மா... ஃபார்ம்ல ஏதாவது எழுதியாகணுமே. நீ என்ன பாத்தியோ அதை எழுது."

பாக்யலட்சுமி பேனாவைக் குனிந்து எடுத்தாள். காகிதத்தைப் பார்த்தாள். இதை எழுதத் தன் எட்டாம் வகுப்புத் தமிழ் போதாது. ஒரு வார்த்தை பிசகினாலும் பாவம்.

பேனாவை மேஜையிலேயே வைத்துவிட்டாள். ஏப்ரன் பையில் கையை விட்டு, கீறலே இல்லாத ஷூவுக்கு மட்டும் ஒட்டுகிற 'பாஸ்' ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து மெர்சியின் தாளில் அழுத்தி ஒட்டினாள். கையெழுத்துக் கேட்பதற்குள் விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டாள்.