உள்ளே போவது

"வேற ஏதோ மருந்து உள்ள போகுது" என்று டாக்டர் சொன்னதும் பூவம்மா தன் தம்பி பெண்டாட்டியின் முகத்தைத்தான் பார்த்தாள்.

நிரஞ்சனாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அதுதான் பூவம்மாவுக்குப் பெரிய சந்தேகம். ஒன்றும் அறியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள எவ்வளவு பழக்கம் வேண்டும்!

இரண்டு பேருக்கும் நடுவில் ரகுபதி உட்கார்ந்திருந்தான். ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் இரும்புத் தகடுகளோடு மல்லுக்கட்டிய உடம்பு. ஒரே வருஷத்தில் பதினோரு கிலோ இறங்கிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கழிவறைக்கு ஓடுகிறான். ரத்தமாகப் போகிறது.

இது நிற்காவிட்டால் அடுத்த வாரம் பெருங்குடலையே வெட்டி எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் ஸ்ரீநாத் சற்று முன்புதான் சொல்லியிருந்தார். திரையில் படமும் காட்டினார். குடல் உள்ளே செக்கச்செவேலென்று புண்ணாகிக் கிடந்தது.

இது கிருமி செய்த வேலை இல்லையாம். உடம்பில் காவலுக்கு இருக்கும் அணுக்களே சொந்தக் குடலை வெளியாள் என்று நினைத்து அடிக்கின்றனவாம். ஒன்று கூச்சல் போட்டால் போதும், மற்றவை ஓடி வந்து சேர்ந்துகொள்ளுமாம். இப்போது அவனுக்குப் போடும் ஊசி அந்தக் கூச்சலைத்தான் அடக்குகிறதாம்.

பூவம்மா தலையை ஆட்டினாள். ஆனால் நம்பவில்லை.

சும்மா கிடந்த காவல்காரன் எதற்காகத் திடீரென்று வீட்டுக்காரனை அடிக்கிறான்? யாரோ தூண்டிவிட்டிருக்க வேண்டும்.

யாரோ என்ன யாரோ. அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாத தம்பி, புக்கிட் பாஞ்சாங்கில் இருந்த ஒருத்தியைக் காட்டி, கட்டினால் இவளைத்தான் என்று ஒற்றைக்காலில் நின்றானே, அன்றைக்கே பூவம்மா முடிவு கட்டிவிட்டாள். சோற்றில் மருந்து வைத்துவிட்டாள் சிறுக்கி. ஆளை மயக்க வைக்கிற அந்த மருந்து வயிற்றில் ஒட்டிக்கொண்டு, வருஷக்கணக்கில் உட்கார்ந்து உடம்பை உருக்கிவிடும் என்பது பூவம்மாவுக்குத் தெரியாதா?

கல்யாணமாகி நாலு வருஷம். ஈசூன் வீட்டில் மூவரும் ஒன்றாக இருக்கிறார்கள். பூவம்மாவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

தம்பிக்கு மட்டும் தனி உலை. தக்காளியைப் பிளந்து விதையை ஒன்று விடாமல் வழித்து எறிகிறாள். ஐஸ்பெட்டியில் முட்டைக்குப் பின்னால் ஊசி டப்பாவை ஒளித்து வைக்கிறாள். எந்நேரமும் கையில் ஒரு நீல நோட்டு. பூவம்மா பக்கத்தில் போனால் மூடிவிடுகிறாள்.

காலையில் குடிக்கும் பார்லித் தண்ணீர் ஒன்றை மட்டும் பூவம்மா சண்டை போட்டுத் தன் கையில் வைத்திருந்தாள்.

இப்போது டாக்டர் வாயாலேயே வந்துவிட்டது. இனி எங்கே போய் ஒளிவாள்?

"எத்தன நாளா டாக்டர்?" பூவம்மாவே கேட்டாள். குரலில் கெத்து இருந்தது.

"ரெண்டு மாசம் ஊசியில நல்லாத்தானே இருந்தாரு. இப்ப ஒரு மூணு வாரமாதான். ஈரலும் அடி வாங்கியிருக்கு. அது ஊசியால வந்த மாதிரி தெரியல."

நிரஞ்சனா நீல நோட்டை எடுத்து மேசையில் விரித்தாள்.

பூவம்மா கழுத்தை நீட்டிப் பார்த்தாள். என்ன சாப்பிட்டான், எத்தனை தடவை போனான், ரத்தம் எவ்வளவு, எந்த நேரம் வலித்தது, எல்லாம் பொடி எழுத்தில் இருந்தது. ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

டாக்டரின் விரல் பக்கம் பக்கமாக இறங்கி ஒரு வரியில் நின்றது. எல்லாப் பக்கத்திலும் அதே வரி இருந்தது. காலை ஏழு மணி, பார்லி, அண்ணி.

"இந்தப் பார்லியில வேற எதுவும் கலக்குறீங்களா?"

நிரஞ்சனாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாலு வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து பூவம்மா கேட்டதில்லை.

"அது எங்க அண்ணி போடுறது லா, டாக்டர். அதப் போய்ச் சந்தேகப்படுறீங்களே!"

பூவம்மா கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. டாக்டர்கூட அடுத்த பக்கத்தைப் புரட்டத் தொடங்கிவிட்டார்.

ரகுபதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். நிரஞ்சனாவின் கை அவன் முதுகைத் தடவியது.

பூவம்மாவுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போய்விடலாம் போலிருந்தது. மடியில் கிடந்த கைப்பையைத் திறந்தாள். வீட்டில் வைத்தால் நிரஞ்சனாவின் கண்ணில் பட்டுவிடும் என்று அவள் எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு அலைந்த தாள் பொட்டலங்களை அள்ளி மேசைமேல் வைத்தாள்.

"தேக்கா கடைத்தெருவுல ஒருத்தரு கொடுத்தாரு" என்றாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "வச்ச மருந்த எடுக்கிற மருந்து."

பார்லியில் தினம் ஒன்றாக, ஒரு மண்டலத்துக்கு நாற்பத்தெட்டுப் பொட்டலம். டாக்டர் எண்ணிப் பார்த்தார். மீதி இருபத்தேழு இருந்தது.