பங்களாச் சூடு

விறகை நாகரிகமாக எரிக்கத் தெரிந்தவர் சக்குபள்ளம் மலைக்கிராமத்திலேயே ஒருவர்தான். அவர் பங்களா காவல்காரர் பெரியமுத்து. அவர் பாய்லரில் விறகு வைத்தால் குழாய்களில் வெந்நீர் ஓடி, அறைதோறும் வெள்ளைக்காரன் விட்டுப்போன இரும்பு ரேடியேட்டர்கள் சூடாகும்.

ஏலத்தோட்ட முதலாளி பங்களாவுக்கு வரும் நாள். மழை விடவில்லை.

"ஏங்க, நம்ம ஏலக்காய் பூசணம் புடிக்குது. ரேடியேட்டர் மேல பரப்பிக்கிடட்டுமா? இன்னைக்கு விட்டா அத்தனையும் போச்சு" என்றாள் மனைவி வேலுத்தாய்.

"ஏட்டி, இது தொரைமாரு குளிர்காயுற சாமான். இதுல போயி ஏலக்காயைப் போடுறவன் காட்டான்!"

ஜீப் வந்தது. முதலாளி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"பலே! ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோர்ல அடுப்பு இடிஞ்சுபோச்சு. ஜீப்புல பச்சைக்காய் மூட்டை இருக்கு. எல்லா ரேடியேட்டர் மேலயும் பரப்பிடு."

பெரியமுத்து மூட்டையை அவிழ்த்துப் பரப்பினார். முதலாளி எட்டிப் பார்க்காத பின்னறையில் மட்டும் வேலுத்தாயின் காய்.